வீட்டுக் கோழிகளின் குணபேதங்கள்

திண்டுக்கல் சமவெளியில் வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர் முதலிய பகுதிக் கிராமங்களில் மாடு இல்லாத வீடு பல உண்டு. கோழி இல்லாத வீடு சிலவே. சங்க அங்கத்தினர் ஒருவரிடம், "உமது வீட்டில் எத்தனை கோழிகள்?" என வினவினால் எண்ணிக்கை உடனே வரும். "அவற்றுள் அடைக்கு உகந்தது எது? அயல் வீட்டு வைக்கோற்போரில் திருட்டுத்தனமாய் முட்டையிடுவது எது?" என வினவினாலோ, பெரும்பாலோர் வீட்டின் உட்புறம் நோக்கித் தம் மனைவியை அழைப்பர். அவ்வம்மாள் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு சரித்திரம் சொல்லுவாள். கோழிகளின் சேட்டைகளைக் கண்டு நகைப்பது எளிது. அவற்றின் காரணத்தை அறிந்துகொள்வது வீட்டு வரும்படிக்கும் உதவும்.

ஆத்தூருக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டில் நாம் சில காலம் கவனித்த நான்கு பேடுகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதலில் வெளிவருவது செவலை. தானியம் இறைத்தால் அது இரண்டு வாய் கொத்தும் வரையில் மற்றவை கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். புள்ளி என்பது செவலைக்கு அஞ்சும், ஏனையவற்றை அதட்டும். சாம்பல் எனப்படுவது தானியத்தை விட்டு அடுக்களைக்குள் நுழைந்து, உரலையும் அம்மியையும் தணிக்கை செய்துவிட்டுத் திரும்பும். விரட்டினால் நான்கு அடி நகர்ந்து, விரட்டியவர் முதுகு திரும்பியதும் மீண்டும் வரும். கருப்பி எல்லாராலும் கொத்துண்டு, ஓரத்தில் சிதறிய மணிகளைப் பொறுக்கும்.

இவ்வரிசை அக்குடும்பத்துக் கோழிகளுக்கு மட்டும் உரியதன்று. நார்வே தேசத்தவரான ஷெல்டெரூப் எப்பே என்பார் சிறு பிராயம் முதலே தம் வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர். எந்தக் கோழி எதனைக் கொத்தலாம், எதனிடம் கொத்துண்ண வேண்டும் என்னும் முறை ஒவ்வொரு மந்தையிலும் நிலைபெற்றிருக்கிறது என்பதை அவர் 1922-ல் வெளியிட்டார். இம்முறை நிலைத்த மந்தையில் சண்டை குறைவு. சந்தையில் வாங்கிய புதுக்கோழியை நடுப்பகலில் முற்றத்தில் அவிழ்த்துவிட்டால், பழைய கோழிகள் அனைத்தும் தத்தம் ஸ்தானத்தை மறுபடியும் நாட்டிக்கொள்ள வேண்டியதாகி, இரத்தம் வரக் கொத்திக்கொள்ளும், முட்டையும் குறையும். ஆதலால் புதியதை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து, நோயில்லை என்று தெரிந்தபின் இரவில் பஞ்சாரத்தினுள் சேர்த்தல் நலம். தானியத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் இறைத்தால் கருப்பி போன்றவற்றுக்கும் வயிறு நிரம்பும்.

சேவலின் நடத்தை வேறு. இரை கண்டால் தான் விழுங்காமல், அலகால் எடுத்தும் கீழே போட்டும் பேடுகளைக் கூவி அழைக்கும். அதன் தயாளத்தை மெச்சுவோர் கவனிக்க: இரை ஒன்றுமில்லாமலே இவ்வாறு அழைத்து ஏமாற்றும் சேவல்களும் உண்டு. ஆனால் காவல் தொழிலில் அது பொய் சொல்வது அரிது. வானத்தில் பருந்து வட்டமிட்டால் மெல்லிய நீண்ட குரல் எழுப்பும். உடனே பேடுகள் பதுங்கும். கீரியோ நாயோ தரையில் வந்தால் விட்டுவிட்டு உரத்துக் கொக்கரிக்கும். அப்போது பேடுகள் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கும். அடுக்களையில் இருப்பவர் இவ்விரு குரலையும் பிரித்தறிந்தால், குஞ்சுகளைக் காக்க மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்பது விளங்கும். இவை யாவும் காட்டிலிருந்து வந்த பழக்கங்களே. வீட்டுக்கோழியின் பிரதான மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆயினும் பல கோழிகளின் மஞ்சள் கால், நமது சிறுமலையிலும் பழனி மலைகளிலும் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் வழி வந்தது என்று 2008-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

இனி அடை விஷயம். குடியானவர், செவலையின் உடற்கட்டைக் கண்டு அதற்கே பன்னிரண்டு முட்டைகள் வைத்தார். அதிகாரம் செலுத்தும் கோழி பொறுமையாகவும் உட்காரும் என்பது அவர் எண்ணம். ஒன்பதாம் நாள் அது எழுந்து போய்ப் புழுதி குளித்துக்கொண்டிருந்தது, பன்னிரண்டும் கூமுட்டை. இதற்கிடையில், இளைத்த கருப்பியை அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு அனுப்பிவிடவும் அவர் தீர்மானித்திருந்தார். அம்மாள் இடங்கொடுக்கவில்லை. அடுத்த மாதம் கருப்பி அடையில் உட்கார்ந்தது. நாளுக்கு ஒரு முறை மட்டும் எழுந்து, இரையெடுத்து, நீர் பருகி, அவசரமாகத் திரும்பும். எவரைக் கண்டாலும் ஒதுங்கிய அக்கோழி, அப்பொழுது மட்டும் செவலையையே சிறகு விரித்து விரட்டியது! இருபத்தொன்றாம் நாள் பத்துக் குஞ்சுகள் வெளிவந்தன.

அடைக்கு வேண்டாத கோழி உட்கார்ந்தால், மூக்கில் இறகைக் குத்தி விடுவது சில கிராமங்களில் வழக்கம். இது கொடுமை, வேண்டுவதுமன்று. தரைக்குமேல் உயர்த்திய, அடியில் காற்றோடும் கூடையில் சில நாள் வைத்துத் தீனியும் நீரும் கொடுத்தால் அடை தானே தெளியும். முட்டை நாள்தோறும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை என்று கோழியைக் கோபிப்பதும் தகாது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆவதால், நாளுக்கு நாள் நேரம் தள்ளி, பிறகு ஒரு நாள் விடுபட்டுப் போகும்.

ஒரு கோடையில் அவ்வம்மாள் எம்மிடம், "சாம்பல் இன்றைக்கு அடுக்களைக்கு வரவில்லை" என்றாள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு திண்ணையடியில் நின்றது. மாலைக்குள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் மாண்டது. செவலையும் புள்ளியும் கருப்பியும் தொடர்ந்தன. இதுவே 1927-ல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரே பெற்ற வெள்ளைக்கழிச்சல். வந்தபின் இதற்கு மருந்து இல்லை. கருப்பியின் குஞ்சுகள் மட்டும் தப்பின. அவற்றுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் ஊசியும் போட்டிருந்தார்கள். பெரிய கோழிகளுக்குப் போடாமல் விட்டது, நான்கு கோழிக்கு யார் ஒரு குப்பி உடைப்பது என்ற தயக்கத்தால்.

இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. தடுப்பு மருந்து பெரும்பாலும் நூறு கோழிக்கு ஒரு குப்பியாக வருகிறது. குளிர்ச்சியில் வைக்க வேண்டும். கலக்கியபின் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தனி வீட்டுக்கு இது நஷ்டம். இருபது வீடு சேர்ந்தால் ஒரு குப்பி போதும். 1920-களில் தொடங்கி மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரது கிராம சேவை நிலையத்தைச் சார்ந்த குடியானவர்கள் முட்டைகளை ஒன்றுகூடி விற்றனர். விற்பதற்குக் கூடியவாறே காப்பதற்கும் கூடலாம். கோடை தொடங்குமுன் சங்கம் ஒரு நாளைக் குறித்து, கால்நடை மருத்துவமனைக்கு முன்னதாகவே தெரிவித்துக்கொள்ளட்டும். நேரம் விடியற்காலையாக இருக்க வேண்டும். பஞ்சாரத்தைத் தூக்கிவிட்ட பிறகு சாம்பல் போன்ற கோழியைப் பிடிக்க ஊரே ஓடினாலும் முடியாது.