உங்கள் பெயரில் பிறர் விற்கும்போது

சிறுதொழில் செய்வோர் பலர் இன்று வெளியூரில் ஒரு கடைகூடத் திறக்காமல் நாடு முழுவதும் தம் பொருளை விற்கின்றனர். மின்வணிகத் தளங்கள் தந்த வாய்ப்பு இது. அதே வாய்ப்பு, பிறர் பொருளின் பெயரைத் திருடி விற்போருக்கும் கிடைத்துவிட்டது. கடைவீதியில் போலிச் சரக்கு விற்பவரை நேரில் சென்று காணலாம். இணையச் சந்தையிலோ அவர் ஒரு பெயராக மட்டுமே தென்படுகிறார்.

மசாலாத்தூள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தயாரிப்பு முறையில் எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் “பழைய மணம் இல்லை” என்று வாடிக்கையாளர்கள் குறை எழுதுகின்றனர், விற்பனை சரிகிறது. தளத்தில் தேடிப் பார்த்தால், அதே பெயரில், அதே உறையில், குறைந்த விலைக்கு வேறு மூவர் விற்றுக்கொண்டிருக்கின்றனர். அந்நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆளை அறிக

மூவரையும் ஒரே குற்றவாளியாகக் கருதுவது தவறு. முதலாமவர், வேறு தூளை உங்கள் பெயர் அச்சிட்ட உறையில் அடைத்து விற்கும் போலி வணிகர். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி இது குற்றம். 103-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது.

இரண்டாமவர், உங்கள் அசல் பொருளையே எங்கோ மொத்தமாக வாங்கி, உங்கள் அனுமதியின்றி விற்பவர். முறைப்படி வாங்கிய அசல் பொருளை மறுவிற்பனை செய்வதை, சின்னத்தின் உரிமையாளர் பொதுவாகத் தடுக்க இயலாது என்று 30-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால், சந்தைக்கு வந்த பின் பொருளின் நிலை மாறியிருந்தாலோ கெட்டிருந்தாலோ எதிர்க்கலாம். உறையைப் பிரித்து மாற்றி அடைத்த தூள் இதற்குப் பொருந்தும். ஆம்வே நிறுவனம் தொடர்பான வழக்கில், மின்வணிகத் தளங்களுக்கு எதிராக முன்பு பிறப்பிக்கப்பட்டிருந்த இடைக்காலத் தடையை 2020 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு நீக்கியதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாமவர், நீங்கள் உருவாக்கிய பொருட்பக்கத்திலேயே தம்மையும் ஒரு விற்பனையாளராகச் சேர்த்துக்கொள்பவர். உங்கள் படமும், நீங்கள் ஈட்டிய நல்ல மதிப்புரைகளும் அவருக்குப் பயன்படுகின்றன. ‘வி டிரெடிஷன்’ என்னும் ஆடைச் சின்னம் குறித்த வழக்கில், உரிமையாளரின் இசைவின்றி இவ்வாறு தொற்றிக்கொள்ள இடமளிப்பதை 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது.

பதிவே அடித்தளம்

வணிகச் சின்னம் பதிவு செய்யப்படாதிருந்தால், அதனை மீறியதாக வழக்குத் தொடர முடியாது என்கிறது 27-ஆம் பிரிவு. பிறர் தம் சரக்கை உங்கள் சரக்கெனக் காட்டி விற்பதைத் தடுக்கும் உரிமை அப்போதும் உண்டு. எனினும் உங்கள் பெயருக்குச் சந்தையில் நன்மதிப்பு இருந்தது என்பதை விலைப்பட்டியல்கள், விளம்பரச் செலவுகள், கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டு நீங்களே மெய்ப்பிக்க வேண்டும். பதிவுச் சான்று இச்சுமையைப் பெருமளவு குறைக்கிறது.

தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறுநிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, ஏனையோருக்கு ரூ.9,000. மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. மசாலாத்தூள் 30-ஆம் வகுப்பிலும், ஊறுகாய் 29-ஆம் வகுப்பிலும் அடங்கும். இரண்டையும் விற்பவர் இரண்டிலும் விண்ணப்பிப்பது நலம். அதற்குமுன், ஒத்த பெயர் ஏதும் உள்ளதா என்பதைப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். பொருளின் தன்மையை மட்டுமே கூறும் பெயருக்குப் பதிவு கிடைப்பது அரிது.

விண்ணப்பம் இதழில் வெளியான பின் 4 மாதங்கள் வரை பிறர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு கிடைத்தால், அது விண்ணப்ப நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும், 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பே. பதிவு கிடைக்கும்வரை ‘டி.எம்.’ என்னும் குறியைப் பயன்படுத்தலாம். வட்டத்துக்குள் அமைந்த ‘ஆர்’ குறியைப் பயன்படுத்தலாகாது.

சான்று திரட்டும் முறை

புகார் அளிப்பதற்கு முன், ஐயத்திற்குரிய விற்பனையாளரிடமிருந்து ஒரு பொருளை வாங்குங்கள். பணத்தை வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐ வழியாகவோ செலுத்துங்கள். அப்பதிவு, வாங்கிய நாளுக்கும் தொகைக்கும் சான்றாகும். பொருட்பக்கம், விற்பனையாளர் பெயர், முகவரி ஆகியவற்றைத் திரைப்படமாகச் சேமியுங்கள். உறையைப் பிரிப்பதைக் காணொலியாகப் பதிவு செய்யுங்கள். பேட்ச் எண், 14 இலக்க உணவு உரிம எண், அச்சின் தரம் ஆகியவற்றை அசலுடன் ஒப்பிட்டு வேறுபாடுகளை எழுதி வையுங்கள். ஒவ்வொரு பேட்ச்சும் எந்த முகவருக்குச் சென்றது என்ற பதிவேடு உங்களிடம் இருந்தால், அசல் சரக்கு எங்கிருந்து கசிகிறது என்பதும் புலப்படும்.

எங்கே முறையிடுவது?

முதலில் தளத்தின் அறிவுசார் சொத்துரிமைப் புகார்ப் பிரிவை நாடுங்கள். அமேசானின் ‘பிராண்டு ரெஜிஸ்ட்ரி’ போன்ற திட்டங்களில் முன்கூட்டியே சேர்ந்திருந்தால் பணி எளிதாகும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விற்பனையாளரின் விவரங்களைத் தளம் வெளியிட வேண்டும். போலியை வாங்கி ஏமாந்த நுகர்வோரின் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அந்நுகர்வோர் 1915 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம்.

போலிச் சரக்கின் கிடங்கு தெரிந்தால் காவல்துறையை அணுகலாம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர், பதிவாளரின் கருத்தைப் பெற்று, பிடியாணையின்றிச் சோதனையிட்டுக் கைப்பற்றலாம். உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவியுங்கள். வெளிநாட்டிலிருந்து போலி வருமாயின், 2007-ஆம் ஆண்டு விதிகளின்படிச் சுங்கத் துறையிடம் உங்கள் சின்னத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பெற்ற சின்னத்தின் உரிமையாளர், தாம் தொழில் செய்யும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது சிறுதொழில் முனைவோருக்குப் பெரும் வசதி.

அசல் பொருளை மறுவிற்பனை செய்பவரைப் போலி வணிகர் எனக் குற்றஞ்சாட்டி அறிவிப்பு அனுப்பாதீர்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக அவரே வழக்குத் தொடர 142-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அவரைக் கட்டுப்படுத்தும் இடம் உங்கள் முகவர் ஒப்பந்தமே. எத்தளத்தில் விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதை வழக்கறிஞரின் துணையுடன் அதில் தெளிவாக எழுதுங்கள். ஆனால் மறுவிற்பனை விலையை நிர்ணயித்துக் கட்டாயப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு முரணாகலாம்.

வங்கிக்கும் தெரிவியுங்கள்

போலியால் ஏற்படும் இழப்பு, ரொக்கக் கடன் கணக்கில் வரவு குறைவதாகவே எங்கள் பார்வைக்கு வருகிறது. காரணம் தெரியாதபோது, தொழிலே நலிந்துவிட்டதாக அது தோன்றக்கூடும். ஆகவே புகாரின் நகலுடன் கிளை மேலாளரை முன்கூட்டியே சந்தித்து நிலைமையை விளக்குங்கள். திரும்பி வந்த சரக்கை மாதாந்தர இருப்பு அறிக்கையில் தனியே காட்டுங்கள்.

இயந்திரத்துக்கும் சரக்குக்கும் காப்பீடு செய்யும் நாம், அவற்றை விற்றுத் தரும் பெயரைக் காப்பின்றி விடலாகாது. உங்கள் பெயர் இன்னும் பதிவு செய்யப்படவில்லையெனில், இவ்வாரமே பதிவகத்தின் இணையதளத்தில் அதனைத் தேடிப் பாருங்கள். வேறொருவர் அதில் உரிமை கோரும் முன் விண்ணப்பித்துவிடுங்கள்.