பள்ளி பஸ்ஸில் பட்டப்பெயர்

திருக்குர்ஆன் 49-ஆவது அத்தியாயம், சூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆவது ஆயத்து, பரிகாசம், குத்திப் பேசுதல், பட்டப்பெயர் சூட்டல் மூன்றையும் விலக்குகிறது. மாலை மதரஸாவில் இதை ராகமாய் ஓதும் நம் பிள்ளைகளே, மறுநாள் சுபுஹுக்குப் பின் பஸ் ஏறியதும் குண்டன், திக்குவாயன் என்கிறார்கள். உஸ்தாது அங்கே இல்லை. டிரைவருக்கோ முதுகில் கண் கிடையாது. கடை ஐந்தடியில் பெரியவர்கள் வைத்த பெயர்களும் அங்கே கேட்கின்றன!

பிள்ளை பஸ் ஏற மறுத்து வயிற்றுவலி என்றால், அதட்டாமல் விசாரிக்க வேண்டுகிறோம். எந்த நாள், யார், என்ன செய்தான் என்று எழுதி வைத்து, பஸ்காரரிடமும் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். சிறியவனை டிரைவருக்குப் பின்னால் உட்கார்த்தச் சொல்லலாம்.

கேலி செய்தவன் நம் மகனேயானால்? பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் "சீ" என்றுகூடச் சொன்னதில்லை. ஆகவே பிரம்பு வேண்டாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அவனை நாமே அழைத்துச் சென்று, மன்னிப்புக் கேட்கச் செய்வோமாக.