சாவி கொடுக்கும் முன்

மோட்டார் சைக்கிளில் 100, 125 என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதை நீங்கள் படித்திருப்பீர்கள். "இது நூறு சிசி வண்டி" என்று மெக்கானிக்கும் சொல்வார். சிசி என்றால் என்ன?

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற குழல் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அது ஓடும் இடத்தின் அளவுதான் சிசி. மருந்து ஊற்றும் 5 மில்லி கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கரண்டி தண்ணீர் பிடிக்கும் இடம் 50 சிசி. இருபது கரண்டி என்றால் 100 சிசி. இடம் பெரிதானால் காற்றும் பெட்ரோலும் அதிகமாக எரியும். வண்டியின் இழுவை கூடும். வேகமும் கூடும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுவதற்கும் உள்ள சட்டம். 18 வயது ஆகாதவர் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது அது. ஒரு விலக்கு உண்டு. 16 வயது முடிந்தவர் உரிமம் பெற்று, 50 சிசிக்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம்.

அந்த நாளில் லூனா, டிவிஎஸ் 50 போன்ற சிறிய வண்டிகள் எங்கும் ஓடின. இன்று கடையில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 பார்வைக்கு மொபெட்தான். ஆனால் எஞ்சின் 99.7 சிசி. "கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு வயதில் ஓட்டலாம்" என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. சட்டம் கியரைப் பார்க்கவில்லை, சிசியைப் பார்க்கிறது.

பையன் வண்டி எடுத்துப்போய்க் குற்றம் நேர்ந்தால் யாருக்குத் தண்டனை? 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து ஆகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அதுவரை டிரைவர் வேலைக்கும் போக முடியாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்றால், அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

18 வயது ஆகாதவர் எல்.எல்.ஆர். வாங்கப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். எந்த வகை வண்டிக்கு என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

18 முடிந்தவருக்கு சிசி வரம்பு கிடையாது. கியர் வண்டிக்கு நேற்று எல்.எல்.ஆர். வாங்கியவரும் இன்று 350 சிசி வண்டியில் ஏறலாம். பிரிட்டனில் தனியாக ஓட்டிப் பழகுபவர் 125 சிசியைத் தாண்டக் கூடாது. இங்கே அந்த வரம்பை வீட்டில்தான் வைக்க வேண்டும். முதலில் 100 சிசியில் பழகட்டும் என்பேன் நான்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் உரிமத் தேர்வுக்குப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். உரிமம் உள்ள, ஓட்டச் சொல்லித்தருபவர் மட்டும் பின்னால் உட்காரலாம். தங்கையையோ நண்பனையோ ஏற்றக் கூடாது.

செய்து பாருங்கள்: வீட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சிசி எண்ணைத் தேடிப் படியுங்கள். அதை ஓட்ட எத்தனை வயது ஆக வேண்டும்? நோட்டில் எழுதுங்கள்.