பெரியவர்களுக்கும் ஒரு பள்ளி: நூலகத் தந்தை அரங்கநாதன்



நூலகம் என்றதும் யார் முகம் உங்கள் மனக்கண்முன் தோன்றுகிறது? கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பெடுக்கும் மாணவி, வேலைவாய்ப்புச் செய்தி தேடும் அண்ணன், நாளிதழைப் புரட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியர். உங்கள் அம்மாவின் முகம் தோன்றுகிறதா? ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இராஜபாளையத்துப் பஞ்சாலைக்குப் போன அத்தையின் முகம்? பெரும்பாலும் தோன்றாது. ஆனால் பள்ளியை விட்டு நீங்கியவர்களுக்கும், பள்ளிப் படியையே மிதிக்காதவர்களுக்கும் நூலகத்தில் முழு உரிமை உண்டு என்று ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாதாடிய தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் எஸ். ஆர். அரங்கநாதன்.

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர் அவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார். நூலகராக வேண்டும் என்று அவர் கனவு கண்டவரல்லர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர், சில நாட்களிலேயே தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடினார். பழைய வேலையைத் திரும்பத் தருமாறு கேட்டார்! மாணவர் கூட்டத்தின் நடுவே நின்று பழகியவருக்கு, ஆளே வராத அறையில் புத்தகங்களுக்குக் காவலிருப்பது எப்படிப் பிடிக்கும்? முதலில் இலண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று முதல்வர் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பயணமே அவர் வாழ்வைத் திருப்பியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சி பெற்றதோடு, நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளரும், வீட்டு வேலை முடித்த பெண்களும், சிறுவர்களும் உரிமையோடு உள்ளே வந்து தமக்கு வேண்டிய நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். நம் நாட்டிலோ நூல்கள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. அவற்றைக் காப்பதே நூலகரின் கடமை எனக் கருதிய காலம் அது. 1925இல் நாடு திரும்பிய அரங்கநாதன் பழைய வேலையைக் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அலமாரி அருகே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அடுத்த இருபது ஆண்டுகள் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் உழைத்தார் என்பர். தம் திருமண நாளன்றுகூடப் பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டாராம்! மணப்பெண் என்ன நினைத்தாரோ, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1931இல் அவர் வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது முதலாவது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றும் தனக்கேற்ற வாசகரை அடையவேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் அடுத்தவை. நூலகம் உயிருள்ளதுபோல் வளர்ந்துகொண்டே இருப்பது என்று ஐந்தாம் விதி கூறும். கேட்பதற்கு மிக எளியவை. நூலறிவியல் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் இவற்றைப் படிக்கிறார்கள்.

இவற்றுள் இரண்டாம் விதியே என் மனத்தை அதிகம் தொட்டது. 'ஒவ்வொருவருக்கும்' என்ற சொல்லை அவர் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. கணித ஆசிரியரல்லவா? அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று வகைப்படுத்தி ஆராய்ந்தார். கற்ற சிலர் மட்டுமா, பொதுமக்களுமா? ஆண்கள் மட்டுமா, பெண்களுமா? நகரத்தார் மட்டுமா, நாட்டுப்புறத்தாருமா? உடற்குறை உள்ளவர், கடலில் செல்லும் மாலுமி என்று அவர் பட்டியல் நீளுகிறது. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நூலகம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பதே விடை. இது நமக்குப் புதிதன்று. துறவு மடங்களில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மௌனமாக உணவருந்தியபடி கேட்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. திருப்பலியில் வாசகத்தைக் கேட்கும் பாட்டிமார் எல்லாரும் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களா என்ன? காதால் கேட்டதும் கல்விதான். கேட்டுப் பழகியவருக்கு எழுத்தின்மேல் ஆசை பிறக்கும்.

சரி, நூலகத்துக்கு நடந்து வர முடியாத ஊர்களுக்கு என்ன வழி? காணாமற்போன ஆட்டை ஆயன்தான் தேடிப் போகவேண்டும். 1931 அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. அரங்கநாதனின் எண்ணத்தைச் செயலாக்கியவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அந்த வண்டி நூல்களைச் சுமந்து சென்றது. நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிய வண்டிகளையே கண்ட மக்கள், புத்தகம் ஏற்றி வந்த வண்டியை எவ்வளவு வியப்போடு பார்த்திருப்பார்கள்! பகலெல்லாம் வயலில் நின்றவர் கூலியை இழந்து பட்டணத்து நூலகத்துக்குப் போகமாட்டார். நூலகமே தெருமுனைக்கு வந்தால், கை கழுவிவிட்டு வந்து பார்ப்பார். பெரியவர்களுக்கான நூலகப் பணியின் இரகசியம் இதுதான்.

ஆனால் வண்டி ஒரு கொடையாளரின் மனத்தை நம்பி ஓடுவது. அவருக்குப் பின் யார் ஓட்டுவது? ஆகவே சட்டம் வேண்டும் என்றார் அரங்கநாதன். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும், அதன் செலவுக்கு நூலக வரியும் இதன்மூலம் வந்தன.

நமக்கு மேற்கே தெரியும் மலைக்கு அப்பால், கேரளத்தில் பி. என். பணிக்கர் வேறு வழியில் இதே பணியைச் செய்தார். 1945இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்து, ஊர் ஊராக நடந்து முதியோர்க்கு எழுத்தறிவித்தார். அங்கே மக்கள் இயக்கம் முந்தியது. இங்கே சட்டம் முந்தியது. எது மேல் என்று கேட்டால், இரண்டும் சேர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பேன். நம் பக்கத்தில் நூலகக் கட்டடம் எழும்பிய பின்னும் அம்மாக்கள் உள்ளே வராததற்கு, அவர்களை யாரும் போய் அழைக்காததே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, நூலறிவியலுக்கென்று தம் மனைவி சாரதாவின் பெயரும் விளங்க ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். ஆகஸ்டு 12ஆம் நாளை அவர் நினைவாக நூலகர் நாளெனக் கொண்டாடுகிறோம்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் வீட்டுவரி இரசீதை வாங்கிப் பாருங்கள். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. கான்சாபுரத்தில் ஓட்டு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். அந்தப் பணத்தில் உங்கள் அம்மாவின் கூலியும் இருக்கிறது. அவர் பெயரில் நூலக உறுப்பினர் அட்டை ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.