மரமறிந்து உரமிடுதல்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

பயிருக்கு உரம் வேண்டும் என்பதை அறியாதார் இல்லை. ஆனால் எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் என்று கேட்டால் பலரும் 'வழக்கம்போல' என்றே விடை கூறுவர். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் ஓர் எண்ணை வைக்க முயலும் முறைக்கே துல்லியப் பண்ணையம் என்று பெயர். பழத்தோட்டத்தில் அது எவ்வாறு பயன்படும் என்பதை, நான் ஓரளவு அறிந்த வாழையைக் கொண்டு காண்போம். (வாழை மரமன்று, பெரும் பூண்டே என்று தாவரவியல் துறை நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஊர் வழக்கில் அது மரம்தான்.)

முதலில் ஒரு சிறு கணக்கு. தோட்டக்கால் நிலத்தில், நேந்திரன் நீங்கலான வாழை வகைகளுக்கு, மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல் சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். பொட்டாஷ் உரத்தில் சாம்பல் சத்து 60 சதவீதம். எனவே மரத்துக்குச் சுமார் 240 கிராம் யூரியாவும் 550 கிராம் பொட்டாஷும் வேண்டும். 1.8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,250 மரங்கள் நிற்கும். அப்படியானால் ஏக்கருக்கு யூரியா 300 கிலோ, பொட்டாஷ் சுமார் 690 கிலோ. அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஏழு கூட வேண்டாம். 50 கிலோ பொட்டாஷ் மூட்டையோ பதினான்கு வேண்டும்.

நடைமுறையில் பல தோட்டங்களில் இது தலைகீழாகவே நடக்கிறது. காரணம் அறியாமை மட்டுமன்று. யூரியாவின் விலையை அரசு கட்டுப்படுத்திக் குறைவாக வைத்துள்ளது. பொட்டாஷ் கப்பலேறி வர வேண்டும், விலை பல மடங்கு. என் தந்தையார் குத்தகை நிலத்தில் வாழை வைப்பவர். கடையில் எந்த மூட்டை கடனுக்குக் கிடைக்கிறதோ, அதுவே அந்த ஆண்டின் பரிந்துரை! யூரியா இட்ட சில நாளில் இலை கரும்பச்சையாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் பலன் அது. பொட்டாஷின் பலனோ தார் முற்றும்போதுதான் தெரியும். இலையில் உண்டாகும் சர்க்கரை காய்க்குச் சென்று சேர அது துணைபுரிகிறது. அது குறைந்தால் காய் சிறுத்து, தார் எடையும் இறங்கிவிடும்.

இனி, இட்ட உரம் மண்ணில் என்ன ஆகிறது என்பதே நம் பாடத்துக்குரிய பகுதி. யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைச் சிதைத்து அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. மேலே தூவி அப்படியே விட்டால் அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். எஞ்சியதை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. நைட்ரேட் அயனியும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே மண் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. மிகையாக நீர் பாய்ச்சினால் வேருக்குக் கீழே இறங்கி, ஒரு நாள் கிணற்று நீரில் தலைகாட்டும். பொட்டாசியம் நேர்மின்னூட்டம் உடையதால் பெரும்பாலும் தங்கும். பாஸ்பேட் சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும், அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகி, இட்ட இடத்தை விட்டு நகர மறுக்கும். மூன்று உரத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே நாளில் வீசுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பது இதனால் விளங்கும். சொட்டு நீரோடு யூரியாவையும் வெள்ளைப் பொட்டாஷையும் சிறுசிறு அளவாக வாரந்தோறும் தருவதற்கும், சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் மண்ணில் இடுவதற்கும் இந்த வேதியியலே அடிப்படை.

எண்ணை எங்கிருந்து பெறுவது? மண் பரிசோதனை ஒரு வழி. 2015இல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்தனர். அஃதாவது ஆறு ஏக்கருக்கு ஒன்று. ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் கையில் உள்ள அட்டை, பக்கத்து நிலத்து மண்ணைப் பற்றியதாகவும் இருக்கலாம். இல்லாததற்கு இது மேல்தான். ஆனால் துல்லியம் என்று கூற மாட்டேன். மரத்தையே கேட்பது இன்னொரு வழி. வாழையில் உச்சியிலிருந்து மூன்றாவதாக விரிந்த இலையையும், மாவில் கிளை நடுவிலுள்ள நான்கு முதல் ஏழு மாத இலையையும் எடுத்து ஆய்வு செய்கின்றனர். மண்ணில் இருப்பது வேறு, மரம் எடுத்துக்கொண்டது வேறு. இலை பின்னதைச் சொல்லும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆரஞ்சுத் தோப்புகளில் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். டிராக்டரில் பொருத்திய மீயொலிக் கருவி ஒவ்வொரு மரத்தின் பருமனையும் அளக்கும், உரம் வீசும் இயந்திரம் பெரிய மரத்துக்கு அதிகமாகவும், பட்டுப்போன மரத்தின் இடத்தில் நட்ட கன்றுக்குக் குறைவாகவும் இடும், வெற்றிடத்தில் வாய்மூடிக்கொள்ளும். அங்கே மணற்பாங்கான நிலம். நைட்ரேட் நிலத்தடி நீரை எளிதில் அடையும் என்ற அச்சமும் இதற்கொரு தூண்டுகோல்.

நம் மாநிலத்தில் 2004-05இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியே தொடங்கி, மூன்றாண்டுகளில் 400 ஹெக்டேருக்கு விரிந்தது. சொட்டு நீரும் அதில் கரைத்த உரமுமே அதன் உயிர்நாடி. இன்று சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்க் கருவிக்கு முழு மானியம் உண்டு. ஆனால் நில ஆவணம் காட்ட வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் என்ன ஆவணம் இருக்கும்? மேலும், அடுத்த ஆண்டு யாருடையதோ என்றிருக்கும் நிலத்தில் குழாய் பதிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

அத்தகையோருக்கும் செய்யக் கூடியது ஒன்றுண்டு. வாய்க்கால் பாயும் தோட்டத்தில் கரைந்த உரம் நீரோடு ஓடிப் பள்ளத்தில் சேரும். எனவே தோட்டத்தை மேடு, நடு, பள்ளம் எனப் பிரித்து, வெட்டும் தார்களின் எடையைத் தனித்தனியே குறித்தாலே எந்தப் பகுதியில் குறைபாடு என்பது புலப்படத் தொடங்கும். இதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வரும் நடவில் இவ்வாறு எழுதி வைக்க என் தந்தையார் இசைந்துள்ளார். பள்ளத்து மரங்களுக்கு யூரியாவைக் குறைப்பதற்கு மட்டும் இன்னும் இசையவில்லை. எடையைப் பார்த்த பிறகு பேசலாம் என்கிறார்.