மலையேறி வந்த பொங்கல்: பயனுள்ள குறிப்புகள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குன்னூருக்கு வந்தவள் நான். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-ல் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்து, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பண்டிகை வந்தால் ஊர் ஞாபகம் வாட்டத்தான் செய்யும், தோழிகளே. முதல் வருஷம் பொங்கலை மலையில் வைத்து நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இந்தக் குறிப்புகள்.

1. இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை சூடேறுவதில்லை. குன்னூரில் ஏறக்குறைய 94, ஊட்டியில் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் அரிசி நறுக்கென்றிருக்கும். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊரில் வைப்பதைவிடக் கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள்.

2. பாசிப்பருப்பைப் பானையில் போட்டுக் காத்திருக்காமல், முதலிலேயே குக்கரில் வேகவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட இரண்டு விசில் அதிகம் விட்டால் போதும், கேஸ் மிச்சம்.

3. அரிசி விரலில் மசிந்த பிறகுதான் வெல்லம் சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்தபின் அரிசி மேலே வேகாது என்பது எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனால் மலையில் இந்தத் தப்பைத் திருத்தவே முடியாது.

4. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் காய்ந்தால் அருமையான விறகு. சிலோனிலிருந்து வந்த பாட்டிமார் இதை ‘மிளாறு’ என்பார்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மார்கழி பிறக்கும்போதே ஒரு கட்டு எடுத்து அடுப்பு மேல் பரணில் போட்டுவிடுங்கள். பொங்கலன்று ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்காது.

5. பொங்கல் இறக்கியபின் மிஞ்சும் தணலில் குளிக்க வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று அந்தத் தணலைச் சட்டியில் அள்ளி, கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் வைத்துக்கொண்டு மட்டும் தூங்கிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கீழேயிருந்து புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

6. கரும்பு, மஞ்சள் கொத்து, வாழையிலை எல்லாமே கீழேயிருந்துதான் ஏறி வரவேண்டும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து, மேட்டுப்பாளையம் போகும் ஒருவரிடம் பணம் கொடுத்துவிட்டால் ஒரே கட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரு கரும்பு மட்டும் தோகையோடு இருந்தால் போதும். மற்றதைத் துண்டு போட்டுச் சாக்கில் கட்டினால் பஸ்ஸில் கொண்டுவரச் சுலபம்.

7. ஊட்டி, தலைகுந்தா பக்கம் இருப்பவர்கள் மஞ்சள் கொத்தையும் வாழையிலையையும் ராத்திரி வெளியில் வைக்கக் கூடாது. உறைபனி பட்டால் காலையில் கறுத்துத் துவண்டு கிடக்கும்.

8. விடியற்காலையில் அரிசிமாவுக் கோலம் போட்டால் பனி ஈரத்தில் கரைந்துவிடும். வாசலில் வெயில் விழும்வரை பொறுத்து, தரையைத் துணியால் ஒற்றிவிட்டுப் போடுங்கள். விரலும் விறைக்காது.

9. தஞ்சாவூரில் எங்கள் அம்மா பொங்கல் கூட்டுக்கு நாட்டுக்காய் தவிர வேறு எதையும் சேர்க்கமாட்டார். நான் பூசணியும் சர்க்கரைவள்ளியும் மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு மேராக்காய், பட்டர் பீன்ஸ், கேரட், பட்டாணி என்று மலைக்காய்களைப் போட்டுக் காய்க் கணக்கைச் சரிசெய்கிறேன். செலவு பாதியாகிறது. பட்டர் பீன்ஸ் இருந்தால் மொச்சை இல்லாத குறையே தெரியாது.

10. வெல்லப் பாத்திரம், நெய்ச் சட்டி, எண்ணெய் விளக்கு எதையும் இருட்டியபின் வெளித்திண்ணையில் விட்டுவைக்காதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய்க்கும் இனிப்புக்கும்தான் வீடு தேடி வருகிறது. பூஜை முடிந்ததும் விளக்கை உள்ளே எடுத்துவிடுங்கள்.

11. போகிக்குப் பழைய ஸ்வெட்டரை எரிக்காதீர்கள். அந்தச் சமயத்தில் பனி பட்ட புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும் மலைச்சரிவே பற்றிக்கொள்ள. அந்த ஸ்வெட்டரை இட்லி மாவுச் சட்டிக்குப் போர்த்தி, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு நாளானாலும் பொங்காத மாவு மறுநாள் காலையில் பொங்கியிருக்கும்.

12. மூடுபனி நாளில் தீப்பெட்டி நமுத்துப்போகும். மூடியுள்ள டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டு அதற்குள் வைத்தால் ஒரே உரசலில் பற்றும்.

13. பூஜைக்கு உடைத்த தேங்காய் மூடிகள் மிஞ்சிவிட்டதா? நம் தோட்டத்துப் பாட்டிகளிடம் போங்கள். 1964-ல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களைவிட்டுக் கப்பலேறி, இந்த மலையில் வந்து குடியமர்ந்தவர்கள் அவர்கள். பிறந்த மண்ணைவிட்டு வந்து பண்டிகை கொண்டாடுவது எப்படி என்று நமக்குக் கற்றுக்கொடுக்க அவர்களைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? மாவில் தேங்காய்த் துருவலைப் பிசைந்து ரொட்டி தட்டி, மீதித் துருவலில் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை சேர்த்து இடித்துச் சம்பல் செய்வார்கள். மாட்டுப்பொங்கல் காலைக்கு அதுவே பலகாரம். நான் பிள்ளைகளுக்கு, பாட்டியிடம் செய்முறை கேட்டு எழுதி வருவதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன். சமையலோடு கதைகளும் சேர்ந்து வந்தன.

14. வகுப்புப் பொங்கலுக்குப் பிள்ளைக்கு ஒரு பிடி அரிசி, ஒரு சின்ன வெல்லத்துண்டு என்று கொண்டுவரச் சொல்லுங்கள். யாருக்கும் பாரமில்லை, பானையும் நிறையும். நீலகிரியில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை இருப்பதால் தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்தே வரட்டும். அம்மாக்கள் கொழுந்து எடுத்துத் திரும்பியதும் ஆரம்பித்து, காட்டெருமை நடமாடும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

15. டிசம்பர், ஜனவரியில் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். அந்த வாரம் பரீட்சை, புதுப்பாடம் எதுவும் வைக்காதீர்கள். அவர்கள் உங்களை அழைத்தால் வெள்ளை உடையில் போங்கள், அங்கே அதுதான் மரியாதை.

16. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெண் ஒரு டிசம்பரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க முகம் வாடிப்போனது. வீட்டில் ஓவன் இல்லை. கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் உப்பைப் பரப்பி, பத்து நிமிஷம் சூடாக்கி, உள்ளே கேக் தட்டை வைத்தோம். மலையில் கேக் சீக்கிரம் உப்பி நடுவில் அமுங்கிவிடும், அதனால் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு முக்கால் டீஸ்பூன் போதும். ஊட்டி கேரட்டைத் துருவிப் போட்டதில் முந்திரி திராட்சைச் செலவும் குறைந்தது. அலங்காரத்துக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பைன் காய்களைப் பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள், அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

17. ஊருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் போன் செய்ய நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நமக்கு மதியம் ஒன்றரை மணி என்றால் இங்கிலாந்தில் காலை எட்டு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். லைன் வீட்டுக்குள் சிக்னல் வராது என்பதால், மேட்டில் எந்த இடத்தில் எடுக்கிறது என்று முதல் நாளே பார்த்துவைத்தால் பண்டிகையன்று அலைச்சல் இல்லை.

18. ஊருக்குத் திரும்புபவர்களிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஊட்டி வர்க்கிதான் சரி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், நாலைந்து நாள் கெடாது. பையில் போட்டால் நொறுங்கும், காலியான எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, மேலே துணியை அடைத்து மூடிவிடுங்கள். அதே தூக்கில் அம்மா முறுக்கு நிரப்பி அனுப்பிவிடுவார்.