மஞ்சள் விளக்கு எரிந்தால்...

கார் டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் படம், நடுவில் ஆச்சரியக்குறி, பார்த்திருக்கிறீர்களா? டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். காற்று குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறும், வேகத்தில் வெடிக்கவும் செய்யும். டயர் பிய்ந்து பல விபத்துகள் நடந்த பிறகுதான் அமெரிக்காவில் 2000-ல் இதற்குச் சட்டம் வந்தது.

என் மாமா டயர் கடையில் வேலை பார்க்கிறார். லீவில் நானும் கூட நிற்பேன். பல கார்களில் வால்வுக்கு அடியில், சக்கரத்துக்கு உள்ளே, தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும். அதன் பேட்டரிக்கு சார்ஜ் போட முடியாது. 5 முதல் 10 வருஷம் வரும், தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாத்தணும். அப்போது விளக்கு ஒரு நிமிஷம்போல் மின்னிவிட்டுப் பிறகு நின்று எரியும். காற்று குறைவு என்றால் மின்னாது, நேரே எரியும். இது தெரியாமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு!

டயர் கழற்றும்போது லீவரை வால்வு பக்கம் விட்டால் சென்சார் உடைந்துவிடும். "முதல்ல வால்வு எங்கன்னு பார்றா" என்பார் மாமா. டயர் மாற்றும்போதெல்லாம் வால்வின் ரப்பர் வாஷரும் புதுசு போடணும்.

விளக்கையே நம்பி இருக்கவும் முடியாது. அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 32 இருக்க வேண்டிய டயர் 24 ஆகும்வரை அது சும்மா இருக்கலாம். அதனால் மாதம் ஒரு தடவை, காலையில் வண்டி ஓடும் முன், கேஜ் வைத்துப் பார்க்கணும். சரியான அளவு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்ச அளவு.